நெஸ் அம்மீம் மதமாற்றப் பண்ணை அல்ல

'இஸ்ரேலில் ரோஜாப் பண்ணை நடத்திய ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள், விவசாயத்தைக் காட்டி யூதர்களை மதம் மாற்றவே வந்தார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இது அவர்களுக்குச் செய்யும் பெரிய அநியாயம்.

நீங்கள் சொல்வது மேற்குக் கலிலேயாவில், ஆக்கோவுக்கு வடக்கே இருக்கும் நெஸ் அம்மீம். 1960களில் டச்சு, சுவிஸ் கிறிஸ்தவர்கள் தொடங்கிய ஊர் அது. யூதர்களிடையே மதமாற்றப் பணி செய்வதில்லை என்று அவர்கள் வெளிப்படையாகவே உறுதியெடுத்தார்கள். தொடக்கத்தில் யூதர்கள் பலர் சந்தேகப்பட்டது உண்மைதான். யூதர்களைத் துன்புறுத்திய ஐரோப்பியத் திருச்சபைகளின் பழைய வரலாறு அப்படி. அக்கம்பக்கத்திலேயே, நாஜிகளிடமிருந்து உயிர்தப்பியவர்கள் 1949இல் அமைத்த லொகாமேய் ஹகெட்டாவோத் கிப்புட்ஸ் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பு) இருக்கிறது. அவர்களிடம் போய் சுவிசேஷக் கைப்பிரதியை நீட்ட யாருக்கு மனம் வரும்?

முதலில் குடியேறியவர்கள் ஒரு பழைய பஸ்ஸில் குடியிருந்தார்கள். ஐரோப்பாவுக்கு ரோஜா ஏற்றுமதி செய்ததெல்லாம் பிறகுதான். மண்ணில் பாடுபடுவதும் அயலாரிடமிருந்து கற்பதுமே அவர்களுடைய விசுவாச வாழ்க்கையாக இருந்தது. வேறு அமைப்புகள் யூதர்களிடையே ஊழியம் செய்கின்றன. அந்தக் கணக்கை இவர்கள் தலையில் கட்டாதீர்கள்.