திருச்சி வானொலி முதல் பட்டியலிலேயே இருக்கணும்

போன மாசம் மன்னார்குடி பக்கம் எங்க ஊருக்குப் போனப்போ, பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டு அப்பாகிட்ட கொடுத்தேன். அதிலிருந்த மியூசிக் பிளேயரில் 'ரேடியோ'வைத் தட்டினதும் பத்துப் பன்னிரண்டு நிலையங்கள் வந்தன. எல்லாம் ஐரோப்பா, அமெரிக்கா. கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, மேலிருந்து கீழே ஒவ்வொரு பேரா விரல் வெச்சுப் பார்த்தார். "திருச்சியைக் காணுமே தம்பி" என்றார். மூடி வெச்சுட்டார்.

வேணும்னா நாமே சேர்த்துக்கலாமே என்கிறார்கள். நிலையத்தின் வெப்சைட் முகவரியை ஒட்டினால் பாடாது. ஒலி ஓடுகிற ஸ்ட்ரீம் லிங்க் வேணும். அது பக்கத்துக்குள்ளே எங்கேயோ புதைஞ்சு கிடக்கும். தோண்டி எடுத்தாலும், எம்3யு8 (ஒலியைத் துண்டு துண்டா அனுப்புற வகை) என்று முடிகிற லிங்க்கைச் சில பிளேயர்கள் ஏற்காது. எழுபத்தெட்டு வயசுக்காரர் இதுக்கு எங்கே போவார்? மீடியம் வேவில் 936-க்கு முள்ளைத் திருப்பினா திருச்சி வந்துடும். அவர் பழகின ரேடியோ அது.

டெல்டாவுக்கு ரேடியோ வெறும் பாட்டுப் பெட்டி இல்லை. 1960-களில் ஆடுதுறை 27 என்கிற புது நெல் ரகம் வந்தப்போ, திருச்சி வானொலியில் கேட்டுத்தான் தஞ்சாவூர் ஜில்லா விவசாயிகள் அதை விதைச்சாங்க. அந்த ரகத்துக்கே 'ரேடியோ நெல்'னு பேர் விழுந்துடுச்சு. நெல்லுக்கே பேர் கொடுத்த நிலையம், யார் வேணும்னாலும் மாத்தி எழுதக்கூடிய ஓப்பன் சோர்ஸ் பிளேயரின் பட்டியலில் ஒரு வரிக்குக்கூட ஆகாதா?

பெரிய வேலையும் இல்லை. ரிதம்பாக்ஸ் என்கிற லினக்ஸ் மியூசிக் பிளேயரில் இந்த ஆரம்பப் பட்டியல் ஒரு சின்ன எக்ஸ்எஸ்பிஎஃப் (பிளேலிஸ்ட் வகை) கோப்புதான். நிலையத்தின் பேர், லிங்க், வகை, அவ்வளவே.

அதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டு அம்பது தமிழ் நிலையத்தை உள்ளே தள்ளக் கூடாது. பல இணைய வானொலிகள் ஒரே ஆள் கைக்காசு போட்டு வாடகை சர்வரில் நடத்துபவை. டீஃபால்ட்டில், அதாவது எல்லாருக்கும் தானா வர்ற பட்டியலில், சேர்த்துட்டா திடீர்னு கூட்டம் மோதும், செலவு அவர் தலையில் விழும். கேட்டுட்டுத்தான் சேர்க்கணும். ஆறு மாசத்தில் செத்துப்போற லிங்க் இருக்கிறதைவிட இல்லாமலே இருக்கலாம். எட்டு நிலையம் போதும், சிஸ்டத்தின் மொழி தமிழா இருந்தா அவை முதலில் வரட்டும். மத்ததுக்கு ரேடியோ பிரவுசர் இருக்கு. ஆர்வலர்கள் சேர்ந்து நடத்துற அடைவு, மொழி வாரியா தேடலாம், எந்த லிங்க் உயிரோட இருக்குன்னு அதுவே அடிக்கடி சோதிச்சுக்கும்.

இன்னொண்ணு, தரம். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) வேகத்தில் ஓடினா மணிக்குக் கிட்டத்தட்ட 58 எம்பி. 64-ல் 29 எம்பி. போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கிற வீட்டில் இந்த வித்தியாசம் பெரிசு. நிலையம் ரெண்டும் கொடுத்தா, குறைஞ்சதைத்தான் டீஃபால்ட்டா வைக்கணும்.

பட்டியலைத் தயார் பண்ணிக்கிட்டிருக்கேன். வேதாரண்யம், முத்துப்பேட்டை, கோடியக்கரை பக்கம் இருக்கிறவங்க சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு வரை போன் டேட்டாவில் ஓடவிட்டு, எங்கே அறுபடுதுன்னு கமெண்டில் சொல்லுங்க. லிங்க்குகளை முதல் கமெண்டில் போடுறேன்.