மோட்டவுனுக்கு முகமும் குரலும் கொடுத்த பெண்கள்

1961இல் 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. டெட்ராய்ட்டில் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்த மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு அந்தப் பட்டியலில் கிடைத்த முதல் முதலிடம் அதுதான். பாடியவர்கள் தி மார்வலெட்ஸ், பக்கத்து ஊரான இங்க்ஸ்டரின் பள்ளிக்கூடப் பெண்கள். பாட்டின் பெயரிலேயே வந்த ஆல்பத்தின் அட்டையைத் தேடிப் பாருங்கள். சிலந்தி வலை படிந்த ஒரு தபால் பெட்டி இருக்கும். பாடிய பெண்களின் முகம் இருக்காது. கறுப்பினத்தவர் முகத்தை அட்டையில் போட்டால் வெள்ளையர் வாங்கமாட்டார்கள் என்று கம்பெனிகள் பயந்த காலம் அது.

மூன்று வருடம் கழித்து, 1964 டிசம்பரில், அதே நிறுவனத்தின் தி சுப்ரீம்ஸ் குழு எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மேடை ஏறியது. மூன்று இளம் கறுப்பினப் பெண்கள், நாடு முழுக்க வெள்ளைக் குடும்பங்களின் வீட்டுக் கூடத்துக்குள், சொந்த முகத்தோடும் பெயரோடும். இடையில் என்ன நடந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: மோட்டவுனைத் தொடங்கிய பெர்ரி கோர்டி. கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், கார் உருவாகும் விதத்தைப் பார்த்து அதே மாதிரி பாடகர்களை உருவாக்கினார், மேதை. இந்தக் கதையை எத்தனையோ இடங்களில் படித்துவிட்டேன். கோர்டி பெரிய ஆள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இடத்தில் உழைத்த பெண்களை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் செய்ததற்கு 'பழக்கவழக்கம் சொல்லிக்கொடுப்பது', 'பின்னால் பாடுவது', 'கூடமாட உதவுவது' என்றெல்லாம் பெயர் வைத்துவிட்டார்கள். வேலைக்கு வைத்த பெயர் சின்னதாக இருந்ததால் கூலியும் அப்படியே போனது, வரலாற்றில் கிடைத்த இடமும் அப்படியே போனது.

அந்தப் போஸ்ட்மேன் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்வலெட்ஸ் குழுவில் ஜார்ஜியா டாபின்ஸ் என்று ஒரு பெண் இருந்தார். சொந்தமாக ஒரு பாட்டு வேண்டும் என்று கம்பெனி கேட்டதும், நண்பர் வில்லியம் கேரெட்டிடம் இருந்த ஒரு ப்ளூஸ் பாட்டை வாங்கினார். தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் புதிதாக எழுதினார். அப்புறம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டிய நேரம் வந்தபோது அப்பா சம்மதிக்கவில்லை. ஜார்ஜியா குழுவை விட்டு விலகினார். பாட்டைப் பதிவு செய்தபோது அவர் அங்கே இல்லை. 1963இல் பீட்டில்ஸ் அதைப் பாடினார்கள், 1975இல் கார்ப்பென்டர்ஸ் பாடி மறுபடியும் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். எழுதியவர்கள் பட்டியலில் ஜார்ஜியாவின் பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலைப் படிப்பவர்கள் எத்தனை பேர்?

சரி, மேக்சின் பவலுக்கு வருகிறேன். நான் முக்கியமாக எழுத நினைத்தது இவரைப் பற்றித்தான்.

1915இல் டெக்சஸில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். நடிப்பும் நடனமும் கற்று, மாடலாக வேலை பார்த்து, 1951இல் டெட்ராய்ட்டில் தன் பெயரிலேயே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். நடை, உடை, பேச்சு, மாடலிங் எல்லாம் அங்கே பாடம். கார் கம்பெனிகளின் விளம்பரங்களில் வெள்ளைக்காரப் பெண்கள் மட்டுமே நின்றுகொண்டிருந்த நகரத்தில், தன் மாணவிகளை அந்த வேலைகளுக்குள் நுழைத்தவர். கோர்டியின் அக்கா க்வென்னுக்கு இவரை முன்பே தெரியும். 1964இல் பவல் தன் பள்ளியை மூடிவிட்டு மோட்டவுனுக்கு வந்து சேர்ந்தார். வேறு எந்த இசைத்தட்டுக் கம்பெனியும் யோசிக்காத ஒரு பிரிவு அங்கே உருவானது. ஆட்டத்துக்கு சோலி அட்கின்ஸ், மேடை இசைக்கு மாரிஸ் கிங், மற்ற எல்லாவற்றுக்கும் பவல்.

'மற்ற எல்லாம்' என்றால் உயரமான ஸ்டூலில் ஏறி உட்காருவது. இறுக்கமான கவுனோடு காரிலிருந்து இறங்குவது. மைக்கைப் பிடிப்பது. மேடையை விட்டுப் போகும்போது ரசிகர்களுக்கு முதுகைக் காட்டாமல் போவது. பத்திரிகைக்காரர்களிடம் பேசுவது. டெட்ராய்ட்டில் இருக்கும் நாட்களில் பாடகர்கள் தினமும் 2 மணி நேரம் இந்த வகுப்புக்கு வந்தாக வேண்டும். ஆண்களுக்கும் விலக்கு கிடையாது. மார்வின் கே தனக்கு இதெல்லாம் தேவையில்லை என்று நினைத்தவர். கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாய், பார்ப்பவர்களுக்குத் தூங்குவது போல இருக்கிறது என்று அவரிடம் நேரடியாகச் சொன்னவர் பவல். சுப்ரீம்ஸ் பெண்கள் அந்தக் காலத்து ஷேக் ஆட்டத்தை ஆடிக் காட்டியபோது, இடுப்பைப் பின்னால் தள்ளாமல், முகத்தைக் கோணலாக்காமல் அதையே ஆடலாம் என்று திருத்தியவரும் அவர்தான். நீங்கள் வெள்ளை மாளிகைக்கும் பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் தயாராகிறீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர்களில் பலர் பிரூஸ்டர் அரசுக் குடியிருப்பு போன்ற இடங்களிலிருந்து வந்த, இருபதை ஒட்டிய வயதுப் பிள்ளைகள். அந்த வயதில் அரண்மனையை யார் நம்புவார்கள்? 1968 நவம்பரில் சுப்ரீம்ஸ் லண்டனில் அரச குடும்பத்தின் முன்னால் பாடினார்கள்.

பவலின் வேலையைக் குறை சொல்பவர்களும் உண்டு. கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் ரசனைக்கு ஏற்றபடி தேய்த்துப் பளபளப்பாக்கியவர், அவ்வளவுதான் என்பார்கள். இந்த விமர்சனத்தை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை, அதில் யோசிக்க இடமிருக்கிறது. வியாபாரத்தில் வெள்ளையர் சந்தையைப் பிடிப்பதுதான் கோர்டியின் குறி, அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் 1962இல் இதே மோட்டவுன் பாடகர்கள் பஸ்ஸில் தென் மாநிலங்களுக்குப் போனபோது அலபாமாவின் பர்மிங்ஹாமில் அந்தப் பஸ்ஸைத் துப்பாக்கியால் சுட்டார்கள். அரங்குக்குள் நடுவில் கயிறு கட்டி வெள்ளையரை ஒரு பக்கம், கறுப்பரை ஒரு பக்கம் நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு பெண் தலை நிமிர்ந்து நடப்பதற்குப் பயிற்சி தேவைப்பட்டது. அதை இன்னொரு கறுப்பினப் பெண்தான் கொடுத்தார். அந்த லண்டன் மேடையிலேயே சுப்ரீம்ஸின் முதன்மைப் பாடகி டயானா ராஸ் பாட்டுக்கு நடுவே நிறுத்தி, அந்த ஆண்டு ஏப்ரலில் கொல்லப்பட்ட மார்ட்டின் லூதர் கிங்கின் வார்த்தைகளைச் சொன்னார், அரச குடும்பம் உட்கார்ந்திருக்கும்போதே. பவலின் வகுப்பு அவர்கள் வாயை அடைத்துவிட்டது என்று சொல்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

உடையைப் பற்றியும் ஒரு விஷயம். சுப்ரீம்ஸ் என்றதும் மணி கோத்த கவுன்கள்தான் கண்ணில் நிற்கும். ஆரம்பத்தில் அந்த உடைகளை அவர்களே தைத்துக்கொண்டார்கள். டயானா ராஸ் டெட்ராய்ட்டின் காஸ் டெக்னிக்கல் பள்ளியில் உடை வடிவமைப்பு படித்தவர். கழுத்தில் இருந்தது மலிவு விலைக் கடையில் வாங்கிய போலி முத்து மாலை. பாப் மேக்கி போன்ற பெரிய வடிவமைப்பாளர்கள் வந்ததெல்லாம் பிற்பாடுதான். குழுவின் இன்னொரு பாடகி மேரி வில்சன் அந்தக் கவுன்களைப் பல வருடம் தேடிச் சேர்த்து வைத்தார். 2008இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. சேர்த்து வைக்கவேண்டும் என்று ஒரு பாடகிக்குத் தோன்றியிருக்காவிட்டால் அந்தக் காட்சி நடந்திருக்காது.

இப்போது குரலுக்கு வருகிறேன். மார்வின் கேயின் 'ஐ ஹெர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்' தெரியும்தானே? 1968 கடைசியில் வந்து ஏழு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. அதில் அவருக்குப் பின்னால் ஊர் வம்பு போல முணுமுணுக்கும் பெண் குரல்கள் யாருடையவை? மேரி வெல்ஸின் 'மை கய்' பாட்டில் பதில் சொல்லும் குரல்கள்? போர் டாப்ஸின் 'ரீச் அவுட் ஐல் பி தேர்' பாட்டில் நாலு ஆண்களுக்கு மேலே எழும்பி நிற்கும் அந்த உச்ச சுருதி? எல்லாம் ஒரே மூன்று பெண்கள். ஜாக்கி ஹிக்ஸ், மார்லின் பாரோ, லூவெய்ன் டெம்ப்ஸ். குழுவுக்குப் பெயர் தி ஆண்டான்டேஸ். தேவாலயத்தில் பாடி வளர்ந்த குரல்கள். மெட்டைச் சொன்னதும் மூன்று பேரும் தங்களுக்குள் சுரத்தைப் பிரித்துக்கொண்டு பாடிவிடுவார்கள். 1960களில் மோட்டவுன் வெளியிட்ட பாடல்களில் ஏகப்பட்டவற்றில் அவர்கள் இருக்கிறார்கள். தட்டின் லேபிளில் இல்லை.

போர் டாப்ஸின் 'பெர்னடெட்' பாட்டில் ஒரு இடம் இருக்கிறது. கடைசியில் வாத்தியங்கள் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். பாட்டு முடிந்துவிட்டது என்றுதான் நினைப்போம். பின்குரல்கள் மட்டும் ஒரு சுரக்கோவையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தக் குரல்களின் மேல்தான் முதன்மைப் பாடகர் லீவை ஸ்டப்ஸ் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவார், மறுபடி எல்லாம் கிளம்பும். அவருடைய கதறலைப் பற்றி எழுதாத விமர்சகர் இல்லை. அவர் கதறுவதற்குக் காலூன்ற இடம் கொடுத்த குரல்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

இன்னும் மோசமான ஒன்று சொல்கிறேன். 1968இல் வந்த 'லவ் சைல்ட்' பாட்டின் தட்டில் டயானா ராஸ் அண்ட் தி சுப்ரீம்ஸ் என்று போட்டிருக்கும். அதில் டயானாவோடு பாடியவர்கள் ஆண்டான்டேஸ். குழுவின் மற்ற இருவரான மேரி வில்சனும் சிண்டி பேர்ட்சாங்கும் அந்தப் பதிவில் பாடவில்லை. தொலைக்காட்சியில் அந்த இருவரும் நின்றார்கள், உலகம் அவர்களைப் பார்த்தது, தட்டில் வேறு பெண்களைக் கேட்டது. இதில் இரண்டு பக்கமும் நஷ்டம். ஒரு பக்கம் சொந்தக் குழுவின் ஹிட் பாட்டில் குரல் இல்லாத பெண்கள், இன்னொரு பக்கம் குரல் இருந்தும் பெயர் இல்லாத பெண்கள். மார்வலெட்ஸ் பெயரில் 1970இல் வந்த கடைசி ஆல்பத்திலும் இதே கதைதான். முன்னால் பாடிய வான்டா மட்டும் மார்வலெட்ஸ், பின்னால் ஆண்டான்டேஸ். பெண்களின் குரலை ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு இல்லாமல் இப்படிச் செய்ய முடியாது. லீவை ஸ்டப்ஸின் இடத்தில் இன்னொருவரைப் பாடவைத்து போர் டாப்ஸ் என்று விற்றிருப்பார்களா?

ஆண்டான்டேஸுக்கென்று 1964இல் ஒரே ஒரு தட்டு வந்தது. அதிலும் முதன்மைக் குரல் வேறொரு பாடகியுடையது.

மோட்டவுனின் வாத்தியக்காரர்களுக்கும் நீண்ட காலம் பெயர் போடவில்லை என்பது உண்மை. ஆனால் அவர்களுக்கு 2002இல் ஒரு முழு ஆவணப்படம் வந்தது, விருதுகள் வந்தன, இன்று இசை கேட்பவர்களில் பாதிப் பேருக்கு பேஸ் கிடார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனைத் தெரியும். அது நியாயம், இன்னும் கூடக் கிடைக்கவேண்டும். அந்த வெளிச்சம் அதே ஸ்டுடியோவில் நின்று பாடிய மூன்று பெண்கள் மேல் ஏன் அதே அளவுக்கு விழவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மோட்டவுனின் பாடலாசிரியர் சில்வியா மோயைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். ஸ்டீவி வொண்டர் 1963இல் குழந்தைக் குரலில் ஒரு முதலிட ஹிட் கொடுத்தவர். அப்புறம் குரல் உடைந்தது, ஹிட் வரவில்லை, அவரை விட்டுவிடலாமா என்று கம்பெனி யோசித்தது. எனக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள், இவனுக்கு நான் ஒரு ஹிட் எழுதித் தருகிறேன் என்று முன்வந்தவர் மோய். பையன் வாசித்துக் காட்டிய துண்டு துண்டான யோசனைகளிலிருந்து ஒன்றைப் பிடித்து, 1965இல் 'அப்டைட்' உருவானது. ஸ்டீவிக்குப் பார்வை இல்லை, பதிவின்போது அவரால் வரிகளைப் படிக்க முடியாது. எனவே மோய் ஒவ்வொரு வரியையும் ஒரு வரி முன்னதாக அவருடைய ஹெட்போனில் பாடிக்கொண்டே போனார். காதில் கேட்ட வரியை ஸ்டீவி அடுத்த நொடி பாடினார். அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம், நமக்குக் கேட்காத அந்த இன்னொரு குரல் என் நினைவில் ஓடும். 'ஐ வாஸ் மேட் டு லவ் ஹர்', 'மை ஷெரி அமூர்' இரண்டிலும் மோயின் பேனா இருக்கிறது. தயாரிப்பு வேலையும் செய்தார், தயாரிப்பாளர் என்ற பெயர் மட்டும் வரவில்லை. பாடலாசிரியர்களுக்கான கௌரவப் பட்டியலில் அவரைச் சேர்த்தது 2006இல்.

பிளாரன்ஸ் பல்லார்டின் கதை ஓரளவு எல்லோருக்கும் தெரியும், அதனால் அதற்குள் போகவில்லை. சுப்ரீம்ஸ் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான், 1967இல் வெளியேற்றப்பட்டு 32 வயதில் இறந்துபோனார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பாட்டு வெளியே போகலாம் என்று தீர்மானிக்கும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவை நடத்தியவர் பில்லி ஜீன் பிரவுன் என்ற பெண். ஆரம்ப காலத்தில் கோர்டியின் மனைவி ரேனோமாவுக்கு இருந்த சுருதி ஞானமும் சுரம் எழுதும் திறமையும்தான் பல பதிவுகளைக் கரை சேர்த்தன.

1959இல் மோட்டவுன் தொடங்கியது குடும்பச் சேமிப்பிலிருந்து கொடுத்த 800 டாலர் கடனில். அந்தக் கடனைக் கொடுக்கும் முன் தம்பியை அதிகம் குடைந்து கேள்வி கேட்டவர் அக்கா எஸ்தர். பிறகு அந்த நிறுவனத்தின் கலைஞர் நிர்வாகத்தையே ஏற்று நடத்தினார். 1972இல் கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. ஆண்டான்டேஸை யாரும் கூட அழைத்துப் போகவில்லை, அவர்களுடைய வேலை அத்தோடு நின்றது. எஸ்தர் டெட்ராய்ட்டிலேயே இருந்து, பழைய தாள்களையும் படங்களையும் உடைகளையும் தூக்கிப்போடாமல் வைத்திருந்து, மேற்கு கிராண்ட் பூல்வர்டில் மோட்டவுன் இயங்கிய அந்த வீட்டை 1985இல் அருங்காட்சியகமாக்கினார்.

நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தப் பாட்டுகளை நாம் அடிக்கடி பகிர்கிறோம். அடுத்த முறை 'கிரேப்வைன்' போடும்போது மார்வின் கே பெயருக்குப் பக்கத்தில் ஆண்டான்டேஸ் என்றும் எழுதுங்கள். 'அப்டைட்' போடும்போது சில்வியா மோய் என்று எழுதுங்கள். யாராவது யார் இவர்கள் என்று கேட்டால், 'பெர்னடெட்' பாட்டைக் கடைசிவரை, ஹெட்போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.