எம்கேட் எப்போது எழுதுவது: ஒரு திருத்தம்

இளநிலைப் பட்டப் படிப்புக்குப் பிறகு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர எழுதும் நுழைவுத் தேர்வுதான் எம்கேட். "இரண்டாம் ஆண்டு முடிந்ததுமே எம்கேட் எழுதிப் பாருங்க, மார்க் குறைஞ்சா திரும்ப எழுதலாம், கல்லூரிகளுக்கு நல்ல மார்க் மட்டும்தான் போகும்" என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. அமெரிக்காவில் ஆம்காஸ் என்ற மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவை வழியாக விண்ணப்பித்தால், எழுதிய எல்லா மதிப்பெண்களும் போகும். தேர்வு நாளன்றே 'வாய்டு' செய்தால், அதாவது மதிப்பெண் வேண்டாம் என்று ரத்து செய்தால் மட்டும் அந்த மதிப்பெண் போகாது. ஆனால் அதுவும் ஒரு முயற்சியாகக் கணக்கில் ஏறும், பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தாலும் அப்படித்தான். ஒரே ஆண்டில் 3 முறை, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் 4, வாழ்நாளில் 7. அவ்வளவுதான் வரம்பு.

இரண்டாம் ஆண்டு முடிவில் பலர் உயிர்வேதியியல் படித்திருக்கவே மாட்டார்கள். வேதியியல்-இயற்பியல் பகுதி, உயிரியல் பகுதி இரண்டிலும் ஏறக்குறைய கால்வாசிக் கேள்விகள் அதிலிருந்துதான் வருகின்றன. ஒரு செமஸ்டர் படித்துவிட்டு எழுதுவதே புத்திசாலித்தனம். உளவியல், சமூகவியலைக் கடைசி நேரத்தில் சொந்தமாகப் படித்துச் சமாளிக்கலாம். உயிர்வேதியியலை அப்படிச் சமாளிப்பது கஷ்டம்.

பட்டம் முடித்ததும் இடைவெளி விடாமல் மருத்துவக் கல்லூரியில் சேர நினைப்பவர்களுக்கு மூன்றாம் ஆண்டின் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பொருத்தமான காலம். மதிப்பெண் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். விண்ணப்பம் சமர்ப்பிப்பது மே கடைசியில் தொடங்கும். ஆகஸ்டில் எழுதினால் செப்டம்பரில்தான் கையில் வரும். விண்ணப்பங்களை வர வரப் பரிசீலித்துச் சேர்க்கை நடத்தும் கல்லூரிகள் அதற்குள் நேர்காணல் அழைப்புகளை அனுப்பத் தொடங்கியிருக்கும்.

பட்டத்துக்குப் பின் ஓரிரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பல கல்லூரிகள் இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் பழைய மதிப்பெண்ணை ஏற்பதில்லை.