வரி கேட்பது அரசாகவே இருக்கட்டும்

நேற்றைய சங்கக் கூட்டத்தில் நடந்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. வராதவர்களுக்கும் இந்நேரம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ், வரி பாக்கியை வசூலிக்கத் தனியார் நிறுவனங்களை அமர்த்துவது பற்றிப் பேச்சு வந்தது. "ஒழுங்காக வரி கட்டுகிறவனை வசூல் கம்பெனி எதற்குக் கூப்பிடப் போகிறது?" என்று ஒரு அண்ணன் கேட்டதற்கு அரங்கமே சிரித்தது. கூப்பிடப்பட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன்.

நான் சொல்வது ஒன்றுதான். அமெரிக்க அரசுக்கு நான் பாக்கி வைத்திருந்தால், அரசே என்னிடம் கேட்கட்டும். கமிஷனுக்கு ஆள் வைத்துக் கேட்க வேண்டாம். 1996இலும் 2006இலும் இந்த வேலையைத் தனியாரிடம் கொடுத்துப் பார்த்த ஐஆர்எஸ், இரண்டு முறையும் சில ஆண்டுகளுக்குள் கைவிட்டது. அப்படியும் 2015இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைச் சட்டமாக்கிக் கட்டாயப்படுத்த, 2017 ஏப்ரலில் மூன்றாம் முறையாகத் தொடங்கினார்கள். வசூலில் 25 விழுக்காடு வரை நிறுவனத்துக்குக் கமிஷன். அதற்கு ஆறு மாதம் முன்புதான், ஐஆர்எஸ் அதிகாரிகளாக நடித்து அமெரிக்கர்களிடம் பணம் பறித்த, மும்பையை அடுத்த மீரா ரோடு கால்சென்டர்களில் தானே நகரப் போலீசார் நுழைந்திருந்தனர். தொலைபேசியில் வரி கேட்டால் நம்பாதே என்று ஊருக்கெல்லாம் ஓதிவிட்டு, தொலைபேசியில் வரி கேட்கவே ஆள் அமர்த்திய சாமர்த்தியத்தை என்னவென்பது!

என் கதைக்கு வருகிறேன். நியூ ஜெர்சியிலிருந்து டெக்சஸுக்குக் குடிபெயர்ந்த ஆண்டில், சம்பளத்தோடு கிடைத்த பங்குகளை விற்றேன். அவற்றுக்கான வரியைச் சம்பளத்திலேயே பிடித்திருந்தார்கள். ஆனால் விற்பனை விவரத்தைப் பங்குத் தரகர் தரும் 1099-பி படிவத்தில் பங்கின் அடக்கவிலை பூஜ்யம் என்றிருந்தது. அந்த விற்பனையை நானும் கணக்கில் காட்ட மறந்துவிட்டேன். அது என் தவறுதான். விற்ற தொகை முழுவதையும் லாபமாக எண்ணி ஐஆர்எஸ் அனுப்பிய கடிதங்கள் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. பிறகு வசூல் நிறுவனத்திலிருந்து அழைப்புகள் வந்தன. பிறந்த தேதியைக் கேட்ட பெண்ணிடம், மோசடி என்று நினைத்து நான்கு முறை இணைப்பைத் துண்டித்தேன். அதை நண்பர்களிடம் பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன். கடிதம் கைக்கு வந்தபின் நானே அழைத்தபோது, அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கணக்கு சரியா, தவறா என்று பார்க்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. முழுவதும் கட்டுகிறீர்களா, தவணையா என்பதோடு அவர் வேலை முடிந்தது.

"வசூல் நிறுவனங்களால் சம்பளத்தில் கைவைக்க முடியாது, பணம் கருவூலத்துக்குத்தான் போகிறது, அவர்களோடு பேச விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தால் கோப்பு ஐஆர்எஸ்ஸுக்கே திரும்பிவிடும், பிறகென்ன?" என்பீர்கள். உண்மைதான், நானும் எழுதிக் கொடுத்தேன். எழுதலாம் என்பதே தெரியாதவர் என்ன செய்வார்? குறைந்த வருமானக்காரர்களை இதிலிருந்து விலக்க 2019இல் தனிச் சட்டம் வேண்டியிருந்ததே, அதுவரை அவர்களையும் விரட்டிக்கொண்டுதானே இருந்தார்கள்? அரசிடம் ஆளில்லை என்ற வாதத்துக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. கமிஷன் கொடுக்கப் பணமிருக்கிறது, ஆளுக்குச் சம்பளம் கொடுக்க மட்டும் இல்லையாம்.

கோப்பு திரும்பி ஐந்து மாதமாகியும் ஐஆர்எஸ்ஸிடமிருந்து ஒரு வார்த்தை பதில் இல்லை. இது என் வாதத்துக்கே பாதகம் என்று தெரிந்துதான் சொல்கிறேன், ஏனென்றால் மறைக்கிறவன் நானல்ல. பதினான்கு ஆண்டுகளாக ஒரு தவணைகூடத் தவறாமல் வரி கட்டுபவன், மனைவி பக்கத்தில் இருக்க, நேற்று அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அண்ணா, சிரித்தவர்களில் இருவர் இரவே எனக்கு உள்பெட்டியில் தங்களுக்கு வந்த வசூல் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பி, "இது நிஜமா, டூப்பா?" என்று கேட்டிருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.