தீனமாக (நோயாக)க் கிடப்பவருக்கும் ஒத்திகையில் இடம் உண்டு

கொடை (ஊர்ச் சாமிக்கு எடுக்கும் கோயில் விழா) நெருங்கும் நேரத்தில் வில்லடி (வில்லுப்பாட்டு)க் குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார். இல்லையென்றால் வீட்டில் படுக்கிறார், குழு அவரை அப்படியே விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடுகிறது. இரண்டுமே தப்பு. ஆள் வீட்டில் இருக்கட்டும், பாட்டு அவரிடம் போகட்டும்.

ஏன் வரக்கூடாது என்பதற்கு ஒரு கணக்கு போதும். 2020 மார்ச் 10-ஆம் தேதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் என்ற இடத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். சளி மாதிரி தொந்தரவோடு ஒருவர் வந்திருந்தார். அவரையும் சேர்த்து 53 பேர் கொரோனாவில் படுத்தார்கள் (சிலருக்குப் பரிசோதனையில் உறுதியானது, மற்றவர்களுக்கு அறிகுறியை வைத்துச் சொன்னது). இருவர் இறந்தார்கள். வில்லடியிலும் ஐந்தாறு பேர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து வாய்விட்டுப் பாடுகிறோம். நாகர்கோவில் கோட்டார் சவேரியார் திருவிழா முடிவது டிசம்பர் 3-ஆம் தேதி. மழையும் காய்ச்சலும் கூடவே வருகிற அந்த மாதங்களில் கோயில் (சர்ச்) பாடகர் குழுக்களுக்கும் இதையேதான் சொல்ல வேண்டும்.

சரி, வீட்டில் இருப்பவரை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

போனில் சேர்ந்து பாட முடியாது. முதலில் இதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒலி போய்ச் சேர ஆகும் சின்னத் தாமதம் பேச்சில் தெரியாது, தாளத்தில் உடனே தெரியும். ஜால்ராவைக் கேட்டு அவர் பாட, அவர் குரலுக்காக இவர்கள் காத்திருக்க, நாலு வரிக்குள் நடை தளர்ந்து படுத்துவிடும். நெட் நன்றாக இருந்தாலும் இது இருக்கும். ஆகவே அவர் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்கட்டும், தொடையில் தாளம் போடட்டும்.

இன்னொரு தொல்லை. வாட்ஸ்அப் அழைப்பு பேச்சுக்கென்று செய்தது. குடமும் உடுக்கையும் ஜால்ராவும் அதன் காதுக்கு இரைச்சல், அமுக்கிவிடும். அந்தப் பக்கம் பாட்டு மட்டும் மொட்டையாகக் கேட்கும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற தேர்வைப் போட்டால் வாத்தியம் ஓரளவு முழுசாகப் போகும். இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான் கிடைக்கும். காய்ச்சல்காரருக்கு அதுவே அதிகம்.

இதையெல்லாம்விட நல்லது பதிவு செய்து அனுப்புவது. போனைக் குடத்துக்கு நேரே வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒலி கரகரத்துப்போகும். தரையில் வைத்தால் அதிர்வு ஏறிவரும். அண்ணாவிக்கு (குழுவின் தலைமைப் பாடகருக்கு) எதிரே ஆறேழு அடி தள்ளி ஒரு நாற்காலியைப் போட்டு, மடித்த துண்டின்மேல் போனை வையுங்கள். முழுக் கதையையும் ஒரே இழுப்பாக எடுக்காமல் காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம் என்று பாட்டின் பகுதி வாரியாக மூன்று நாலு நிமிடத் துண்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டு, வாட்ஸ்அப்பில் டாகுமெண்டாக அனுப்பினால் ஒலி குறையாமல் போய்ச் சேரும். கேட்பவர் நேரம் மிச்சம் பிடிக்க 1.5 வேகத்தில் ஓட்டக்கூடாது. அந்த நடைதான் மனசில் பதியும், மேடையில் வேகமாகப் பாடிவிடுவார்.

தொண்டை கட்டியிருந்தால் வீட்டிலும் பாடவே வேண்டாம். கிசுகிசுவென்று பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைக்கிறோம். பலருக்கு அது குரல்நாணை இன்னும் இறுக்கிவிடும். செருமுவதும் கெடுதல்தான். செருமத் தோன்றும்போது ஒரு வாய் வெந்நீர் குடியுங்கள். சுக்குக்காப்பி இதமாக இருக்கும், ஆனால் குரலை மீட்டுத் தராது, மீட்டுத் தருவது ஓய்வுதான். குரல் தெளிந்த பிறகு முதல் இரண்டு நாள் வாயை மூடி, நடுச் சுருதியில், ஐந்து நிமிடம் முனகினால் போதும், ஒரு நாளைக்கு மூன்று தடவை. மேல் ஸ்தாயி வரிகள் அப்புறம். மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு போகாமல் இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போக வேண்டும்.

டெங்கு என்றால் கணக்கே வேறு. காய்ச்சல் விட்டதும் ‘ஆளு தேறிட்டாரு’ என்று கூப்பிட்டு வருவதில்தான் ஆபத்து. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். இறங்கிய பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டிய நேரம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஆஸ்பிரின், இபுபுரோஃபென் இரண்டும் கூடாது. தீனம் விசாரிக்கக் குழுவே திரண்டு ஆரஞ்சுப் பையோடு போவது பாசம்தான். ஆனால் படுத்திருப்பவருக்குத் தேவை உறக்கம். ஒருவர் போய் முற்றத்தில் பத்து நிமிடம் நின்று பேசிவிட்டு வரட்டும். டெங்குக் கொசு பகலில் கடிக்கும், அதனால் பகலிலும் கொசுவலை வேண்டும் என்று சொல்லிவிட்டு வரட்டும்.

சிக்குன்குனியா மணிக்கட்டையும் விரல் மூட்டுகளையும் பிடிக்கும். உடுக்கைக்காரரும் வீசுகோல் (வில்லைத் தட்டும் கோல்) பிடிப்பவரும் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், பழைய கைக்கு வரமாட்டார்கள். களியல் (கோலாட்டம் போன்ற கம்பு ஆட்டம்) ஆடுகிறவர்களுக்குக் கணுக்காலில் தெரியும். சோம்பல் என்று யாரும் சொல்லக்கூடாது.

காய்ச்சல் இறங்கிக் கண் தெளிந்தவருக்குக் கொடுக்க அருமையான வேலை ஏடு சரிபார்ப்பது. பழைய கதை நோட்டுகள் நகலுக்கு நகல் எடுத்து மங்கிக் கிடக்கின்றன. பாதி வரிகள் அண்ணாவியின் வாயில் மட்டும்தான் இருக்கின்றன. பதிவைக் கேட்டு விடுபட்ட வரிகளை எழுதலாம், சந்தம் மாறும் இடத்தில் கோடு போடலாம். போனில் பேசித் தட்டச்சினால் நம்ம ஊர்ச் சொல்லை அது எழுத்துத் தமிழாக மாற்றிவிடும், எதுகை போய்விடும். வரிக்கு வரி பார்க்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் போதும். வரவு செலவுக் கணக்கை மட்டும் கொடுக்காதீர்கள், காய்ச்சல் தலையில் கூட்டல் தப்பும்.

படிக்க ஆசைப்பட்டால் பொது நூலகத்துறையின் நூலக நண்பர்கள் திட்டம் இருக்கிறது. நூலகத்துக்கு வர முடியாதவருக்குத் தன்னார்வலர்கள் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுவருவார்கள். பக்கத்து நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

திரும்பி வரும் நாளையும் குழுதான் யோசித்து வைக்க வேண்டும். முதல் ஒத்திகையில் அரை மணி நேரம், சாய்ந்து உட்கார ஒரு சுவர். முதல் கொடையில் நண்பகலில் நடக்கும் உச்சிக்கொடைக்கு மட்டும் அவர் பாடட்டும். நள்ளிரவுச் சாமக்கொடைக்கு அவர் இடத்தில் வேறு ஆள் உட்காரட்டும்.