உரலோடு உறுதியையும் கேளுங்கள்

ஊருக்கொரு நூதனசாலை என்றதும் உரல், திருகை, துலாப் பட்டை, பெட்டகம் எல்லாம் ஓடியோடிச் சேர்க்கிறோம். சேர்க்கத்தான் வேணும். ஆனால் அந்தப் பெட்டகத்துக்குள் கிடக்கும் காணி உறுதிக் கட்டுகளையும் ஓலைச் சாதகத்தையும் "பழைய கடதாசி" என்று விட்டுவிட்டு வருவது பெரும் பிழை. வீடு கைமாறும் நாளில் அவை குப்பையோடு எரியும்.

பழைய சீதன உறுதி ஒன்றை வாசித்துப் பாருங்கள். காணிப் பெயர், பரப்பு, அது பரம்பரையாய் வந்த முதுசமா, தாங்களே தேடிய தேட்டமா, கிணற்றில் எத்தனையில் ஒரு பங்கு, வழி வாய்க்கால் பாத்தியம், நாலு எல்லையிலும் ஆர் ஆர். ஒரே ஒழுங்கையின் பத்து உறுதிகளை எல்லைப் பெயர் பார்த்து அருகருகே அடுக்கினால், எந்த மகள் எந்தக் காணியோடு போனாள், எந்தக் கிணறு எத்தனை குடும்பத்துக்குப் பிரிந்தது என்று அந்தக் காலத்து அயல் முழுக்கத் தெரியும். எந்த உரலும் இதைச் சொல்லாது.

பரப்பு என்ற நில அளவில் மட்டும் கவனம், அது இரண்டு வகை. மேட்டுக் காணிக்கான வரகுப் பரப்பு 18 குழி, 16 பரப்பு ஒரு ஏக்கர். வயலுக்கான நெற்பரப்பு 12 குழிதான், ஏக்கருக்கு 24 வேணும். இதைப் பாராமல் விளக்க அட்டை எழுதினால் வயல் ஒன்றரை மடங்கு பெருத்துவிடும்.

தயவுசெய்து லமினேற் பண்ணாதீர்கள். சூட்டில் பிளாஸ்ரிக் கடதாசியோடு ஒட்டினால் பிறகு பிரிக்கவே ஏலாது. செலோரேப்பும் வேண்டாம், அதன் பசை பழுப்பாகிக் கடதாசியில் ஊறும். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றி, அமிலமில்லாத உறைக்குள் படுக்கையாக வையுங்கள். அலுமாரி சுவரோடு முட்டக்கூடாது, கரையான் சுவர் வழியாகவும் வரும்.

ஓலைகள் ஒட்டிக் கிடந்தால் கத்தி விட்டுக் கிளப்பாதீர்கள். எழுத்தில் பூசிய கரி மங்கிய ஓலையை வாசிக்க ஏலாதென்று எறியவும் வேண்டாம். எழுத்தாணிக் கீறல் அப்படியே இருக்கும். பக்கவாட்டில் ரோச் வெளிச்சம் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்துத் தெளியும். அந்த நிலையிலேயே படமெடுங்கள்.

மூல உறுதியைத் தர வீட்டார் தயங்குவார்கள். நியாயம்தானே, காணி இன்னும் அவர்களுடையது. பின்பக்கமும் முத்திரையும் விடாமல் படமெடுத்து அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். ஊர், காணிப் பெயர், பொருளைப் பாவித்தவர், தந்தவர் விபரங்களை அங்கேயே பென்சிலால் எழுதுங்கள். நாளைக்கென்று விட்டால் எந்தப் பெட்டி எந்த வீட்டுப் பெட்டியென்று குழம்பும்.

படங்கள் ஒரே கணினியில் கிடக்க விடாதீர்கள். 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சாம்பலாகிப் போன சுவடிகள் பலவற்றுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. ஒரு பிரதி நூதனசாலையில், ஒன்று அந்தக் குடும்பத்திடம், ஒன்று கடல் கடந்த உறவினரிடம் இருக்கட்டும்.