இரண்டு கையும் வேலையாக இருக்கிறவன்

நேற்றுப் போட்ட வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். பாராதவர்கள் கொமண்டில் தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள், திரும்பச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. வீரம் என்ற தலைப்பில் நடந்த பேச்சுப்போட்டியில், போர்க்களத்தில் காயக்காரருக்குக் கட்டுப்போடுகிறவர்களைப் பற்றிப் பேசிய பிள்ளையிடம் நடுவர் மைக்கிலேயே சொன்னது: "இது வீரம் இல்ல பிள்ளை, இது சேவை. தலைப்பு வீரம்."

பெரிய கண்டுபிடிப்பு!

துவக்குக்காரனுக்குக் கையில் துவக்கு இருக்கிறது. ஷெல் விழுந்தால் கிடங்கில் படுக்கலாம், தலையைப் பொத்தலாம், திருப்பிச் சுடலாம். கட்டுப்போடுகிறவனின் இரண்டு கையும் இன்னொருவனின் காயத்தில் இருக்கும். எடுத்தால் இரத்தம் பீறும். அவனால் தன் தலையைக்கூடப் பொத்த முடியாது. இதற்குப் பெயர் வீரம் இல்லையென்றால் வேறென்ன, பொதுச் சுகாதாரமா?

பிள்ளை பேச்சை எங்கள் கடலில்தான் தொடங்கினாள். 1942 ஏப்ரல் 9, திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட நாள். முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டுப் போன ஹேர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் கூடப்போன வம்பயர் என்ற போர்க்கப்பலும் அன்றைக்கு மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கின. கடலில் தத்தளித்தவர்களில் ஏறக்குறைய 600 பேரைத் தூக்கி எடுத்தது 'வீற்றா' என்ற ஆஸ்பத்திரிக் கப்பல். அதில் ஒரு பீரங்கியும் கிடையாது. நிலாவெளி ரோட்டால் போகும்போதெல்லாம் யுத்த மயானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோமே, இந்தக் கப்பலை எத்தனை பேருக்குத் தெரியும்? நடுவருக்குத் தெரியாது. முகத்திலேயே எழுதியிருந்தது.

"செஞ்சிலுவை போட்டிருந்தா சுடமாட்டாங்கள், பிறகென்ன வீரம்?" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணை, செஞ்சிலுவை போட்டவர்களைச் சுடக்கூடாதென்று 1864இலேயே ஜெனீவாவில் எழுதிக் கையெழுத்தும் வைத்தாயிற்று. தாளில். இதே வீற்றா 1941 ஏப்ரலில் லிபியாவின் டோப்ருக் துறைமுகத்துக்கு வெளியே குண்டு வாங்கிய கப்பல். அடிவாங்கி, திருத்தி, அதன் பிறகுதான் எங்கள் பக்கம் வந்தது. சிலுவை பூசின கப்பலுக்கும் அடி விழும் என்பது தெரிந்தேதான் அதில் ஆட்கள் வேலை செய்தார்கள்.

இன்னொன்று. பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா குரொஸை இரண்டு தடவை வாங்கியவர்கள் இதுவரை மூன்றே மூன்று பேர். அதில் இருவர் இராணுவ வைத்தியர்கள்: ஆதர் மார்ட்டின் லீக், நோயல் சவாஸ். சவாஸ் 1917இல் தலையில் காயத்தோடு மறுபடி மறுபடி வெளியே போய்க் காயக்காரரைத் தேடினவர். ஓகஸ்ட் 4ஆம் திகதி செத்துப்போனார். எங்கள் நடுவர் அங்கே இருந்திருந்தால் "இது சேவை" என்று பதக்கத்தைத் திருப்பி வாங்கியிருப்பார்.

"மருமகள் என்றபடியால்தான் கத்துறாய்." ஓம், அக்காவின் மகள்தான். அதற்காக நான் சொல்வது பொய்யாகிவிடுமா?

"சண்டை பிடிச்சுச் செத்தவனைச் சிறுமைப்படுத்துறாய்." இல்லை. இதில் மட்டும் ஒரு நியாயம் இருக்கிறது, அதனால் சண்டைக்கு வரவில்லை. அவனும் உயிரைத்தான் கொடுத்தான்.

"வெள்ளைக்காரன் கதை எங்களுக்கு எதுக்கு?" சரி, எங்கள் கதை.

2006 ஆவணி, மூதூர்ப் பக்கம். சாமான் சட்டியோடு சனம் நடந்துகொண்டிருந்தது. விழுந்த ஷெல்லில் ஒரு துண்டு சின்னப்பாவின் தொடையில். நாங்கள் எல்லோரும் படுத்துவிட்டோம். நானும்தான், மறைக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு பொடியன் வந்தான், காலில் இறப்பர் செருப்பு. முழங்காலைச் சின்னப்பாவின் கவட்டில் வைத்து அழுத்திக்கொண்டு அவருடைய சாரத்தையே கிழித்தான். சுற்றிக் கட்டி, ஒரு பூவரசங்கம்பைச் செருகி, இரத்தம் நிற்கும்வரை முறுக்கினான். அடுத்தது கிட்ட விழுந்தது. நான் இரண்டு கையாலும் தலையைப் பொத்தினேன். அவன் கம்பை விடவில்லை. விட்டால் முறுக்கு அவிழ்ந்துவிடும். குனிந்து சின்னப்பாவின் மேல் கவிழ்ந்தான், அவ்வளவுதான். பிறகு சட்டைப்பையிலிருந்து நீலப் பேனையை எடுத்து அவருடைய நெற்றியில் நேரத்தை எழுதினான், 10.40. "எப்ப கட்டினதெண்டு டொக்டருக்குத் தெரியவேணும், அழிக்காதீங்கோ" என்றான். அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

அவன் எந்தப் பக்கம் என்று இன்பொக்ஸில் கேட்காதீர்கள். அன்றைக்கு நாங்கள் கேட்கவில்லை.

நடுவர் அந்தக் காலம் எங்கே இருந்தார் என்றும் நான் கேட்கவில்லை. விசா எடுத்தவர்கள் எடுத்தார்கள், போனவர்கள் போனார்கள். திரும்பி வந்து எங்கள் பிள்ளைகளுக்கு வீரம் என்றால் என்ன என்று வகுப்பெடுப்பதைத்தான் தாங்க முடியவில்லை. வருடா வருடம் மேடை போடுகிறோம், மாலை போடுகிறோம். அந்தப் பொடியனுக்கு ஒருவரும் போடவில்லை. நானும் போடவில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். தாய் தகப்பனிடம் போய்ச் சேர்ந்தானா என்றுகூட நான் தேடிப் பார்க்கவில்லை. நடுவருக்கு இவ்வளவு நீளம் எழுத வருகிறது எனக்கு.

சின்னப்பாவுக்குக் கால் இருக்கிறது. மாரியில் உளையும், மற்றப்படி டச்சுக் குடா மட்டும் நடந்துபோய் வருவார். நேற்றுப் பின்னேரம் உவர்மலை வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, எட்டாக மடித்து எறிந்த பேச்சுத்தாளை எடுத்து வரச்சொல்லி மருமகளை வாசிக்க வைத்தார். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தப் பொடியன்ட பேர் அதில இருக்கா?"

"இல்ல தாத்தா."

"சரி, வாசி" என்றார்.